கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மகள்

1

அன்று அந்த ஸ்டேசன் கேற்றடியில் நின்றவர்கள்: கேற்றுக்கு உள்ளே நான். வெளியே என் மகள் மதுரா. கண்ணாடி யன்னலுக்குப் பின்னால், தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஸ்டேசன்காரர். எனக்குப் பின்னால், சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்த வயதான அம்மா ஒருத்தி. அவவுக்குப் பின்னால், மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடச் சிறுமிகள் இரண்டு பேர். வேறு ஒருவரும் இல்லை.

இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் என் மனைவி பவானி. "அவ்வளவு சனத்துக்கு முன்னால மானம் போச்சு" என்று அவள் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள். அவ்வளவு சனம் இல்லை.

இந்த மாதத்தோடு அது நடந்து ஒரு வருடம். ஊரில் எங்கள் சனசமூக நிலையத்துக்கு மலர் ஒன்று போடுகிறார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்தான் அதற்குப் பொறுப்பு. நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அவன் படித்து வாத்தியாரானான். போனில் கேட்டான்: "நீ யப்பானுக்குப் போனனியெல்லே, அதைப் பற்றி எழுதித் தா."

"எனக்கு எங்கயடா எழுத வரும்?"

"நீ கதைக்கிற மாதிரி எழுது. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவனுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. யப்பானில் இரண்டு கிழமை நின்றும் படங்களில் வரும் அந்தப் பனி மலையை நான் பார்க்கவில்லை. அம்பு போல ஓடும் ரெயினில் ஏறவில்லை. மகள் இருக்கும் ஒசாக்காவின் புறநகர்ப் பகுதியில், அவளுடைய ஸ்டேசனையும் அதற்கு அடுத்தடுத்த ஸ்டேசன்களையும்தான் பார்த்தேன். ஆகவே ஸ்டேசனைப் பற்றித்தான் எழுத முடியும்.

2

நாங்கள் இருப்பது பிக்கரிங்கில். ஸ்காபரோவில் பல வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, கடன்பட்டு இங்கே வீடு வாங்கி வந்தோம். எனக்கு வேலை டவுன்ரவுனில், ஒரு ஹோட்டலின் துணி தோய்க்கிற லோன்றியில். காலையில் ரெயினில் போய், பின்னேரம் ரெயினில் வருவேன்.

பிக்கரிங் ஸ்டேசன் என்றதும் ஊரில் இருக்கும் நீங்கள் ஸ்டேசன் மாஸ்டர், மணி, கச்சான் கடலை விற்கிறவர் என்று ஏதாவது நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. அது ஒரு பெரிய கார் பார்க். பக்கத்தில் நெடுஞ்சாலை இரைந்துகொண்டே இருக்கும். கார் பார்க்கின் கரையில் ஒரு பிளாட்போம். கேற் கிடையாது. ஒரு கம்பத்தில் மெசின் இருக்கும். கார்ட்டைத் தட்டினால் 'பீப்' என்று சத்தம் போடும். தட்டாவிட்டாலும் ரெயின் ஏற்றிக்கொண்டு போகும், ஆனால் நடுவில் செக்கர் வந்தால் தண்டம். இந்த மெசினால் எனக்கு ஒரு வருத்தமே வந்துவிட்டது. தட்டிவிட்டுப் பத்தடி நடந்ததும், சத்தம் கேட்டதா இல்லையா என்ற யோசனை வந்துவிடும். திரும்பிப் போய் இன்னொரு தரம் தட்டினால் முதல் தட்டினது இல்லாமல் போய்விடுமோ என்று அதற்கும் பயம். ரெயின் வரும்வரைக்கும் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எனக்குச் சின்ன வயதில் ரெயின் பழக்கமில்லை. எங்கள் ஊரில் ஸ்டேசன் இருந்தது, ரெயின் இல்லை. சண்டை தொடங்கித் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேசனுக்குள் இடம்பெயர்ந்து வந்த சனம் அடுப்பு மூட்டிச் சமைத்தது. ஸ்டேசன் என்றால் ஆட்கள் வந்து சேர்ந்து, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் இருக்கிற இடம் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. அங்கே ஒருவரை விட்டுவிட்டால் பிறகு கண்டுபிடிக்க ஏலாது.

அதனால்தானோ என்னவோ, மதுரா யூனிவெசிற்றிக்கு ரெயினில் போகத் தொடங்கிய நாளில் இருந்து அவளை ஸ்டேசனில் போய்க் கூட்டிக்கொண்டு வருவதை நான் ஒரு நாளும் விட்டதில்லை. அவள் வருகிற ரெயினுக்கு முதல் ரெயின் வரும்போதே காரோடு போய் நின்றுவிடுவேன். பனிக்காலத்தில் ஹீற்றரைப் போட்டு, கண்ணாடியில் படியும் ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூட்டத்துக்குள் அவளுடைய தலை தெரியும்வரை நெஞ்சு இடித்துக்கொண்டே இருக்கும். தெரிந்தவுடன் கோபம் வரும். "போன் எடுத்துச் சொல்ல ஏலாதோ?" என்பதுதான் நான் அவளோடு கதைக்கிற முதல் கதை. அவள் சீற்றில் இருந்து காதில் பாட்டுக் கேட்கிற வயரை மாட்டிக்கொள்வாள்.

3

படிப்பு முடிந்ததும், யப்பானில் ஒரு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கப் போகிறேன் என்றாள். ஒரு வருடம்தானே என்று விட்டோம். அது இரண்டாகி, மூன்றாகியது. நாலாவது வருடத்துக்கும் கொன்ராக்ற் எழுதப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று பவானி உலையில் அரிசி போடவில்லை.

"நீங்கள் போங்கோ. போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவள் என்ன பிக்கரிங் ஸ்டேசனிலயோ நிக்கிறாள், காரைக் கொண்டுபோய் ஏத்திக்கொண்டு வர?"

"உந்தப் பகிடியெல்லாம் வேண்டாம். நான் கேட்டால் போனை வைச்சிடுவாள். நீங்கள் நேரை நிண்டு கேட்டால் மாட்டன் எண்டு சொல்ல மாட்டாள். அவளுக்கு உங்களில பயம்."

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது அப்படித்தான் இருந்தது.

யப்பான் ஏர்போட்டில் இரண்டு ஆள்காட்டி விரலையும் மெசினில் வைக்கச் சொன்னார்கள். கனடாவுக்கு அகதியாக வந்தபோது கைரேகை கொடுத்த பிறகு, ஒரு அதிகாரிக்கு முன்னால் விரலை நீட்டியது அன்றைக்குத்தான். வேர்த்த விரல் மெசினில் பதியவில்லை. அந்தப் பெண் ஒரு துணியைத் தந்து துடைக்கச் சொன்னாள். துடைக்கத் துடைக்க இன்னும் வேர்த்தது.

மதுரா வந்து கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய ஸ்டேசனில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது சைக்கிள்கள். எங்கள் கார் பார்க் மாதிரி அங்கே சைக்கிள் பார்க். நூற்றுக்கணக்கில், ஒன்றோடொன்று முட்டாமல் வரிசையாக. ஸ்டேசனோடு ஒட்டி ஒரு பேக்கரி, ஒரு மருந்துக்கடை, ஒரு பல் டொக்ரர். பிளாட்போமில் கோடு கீறியிருக்கிறது. சனம் அந்தக் கோட்டில் இரண்டிரண்டாக நிற்கிறது. கதவு சரியாக அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்து திறக்கிறது. ஒருவரும் காரோடு வந்து காத்து நிற்கவில்லை. ரெயினில் வந்த சனமெல்லாம் நடந்தும் சைக்கிளிலும் சந்துகளுக்குள் கரைந்து போய்விடுகிறது.

இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாக ரெயினில் வருவதையும் பார்த்தேன்.

"உதுகளின்ர தாய் தேப்பன் எங்க?"

"வேலையில இருப்பினம் அப்பா. இட்ஸ் நோர்மல் ஹியர்."

"ஆரும் பிடிச்சுக்கொண்டு போனால்?"

"ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்" என்று சிரித்தாள்.

எனக்கென்று ஒரு ரெயின் கார்ட் வாங்கி, காசு ஏற்றித் தந்தாள். கேற்றில் தட்டினால் திறக்கும். அதைத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து, பாஸ்போட்டோடும் மாற்றிய காசோடும் சேர்த்து ஒரு ஷொப்பிங் பையில் சுற்றி, சூட்கேசுக்குள் அடியில் வைத்துப் பூட்டினேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முக்கியமான சாமானென்றால் பத்திரப்படுத்துவோம். பத்திரப்படுத்தின சாமான் தேவைப்படுகிற நேரத்தில் கையில் இருக்காது. போனிலும் வைஃபை மட்டும்தான். வெளியில் போனால் பில் ஏறிவிடும் என்று மிச்சத்தையெல்லாம் நிற்பாட்டி வைத்திருந்தேன்.

பவானி ஒவ்வொரு நாளும் கேட்பாள்: "கேட்டீங்களோ?"

"இல்லை. நேரம் வரட்டும்."

"பிளேன் ஏறுற நேரமோ?"

4

நேரம் வரவில்லை. வீட்டில் இருந்தால் அவள் சமைப்பாள், துணி மடிப்பாள், நாளைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டப் படம் வெட்டுவாள். அவளுக்கு முன்னால் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. பிக்கரிங்கில் நாங்கள் கதைத்ததெல்லாம் காருக்குள்தான். முகத்தைப் பார்க்காமல் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு கதைக்கலாம். அப்படித்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவளுடைய பள்ளிக்கூடத்து ஸ்டேசனுக்குப் போய், வேலை முடிந்து வருகிறவளைக் கூட்டிக்கொண்டு வருவோம். பழைய மாதிரி. வருகிற வழியில் கேட்டுவிடலாம்.

அவள் பள்ளிக்கூடத்து ஸ்டேசனின் பெயரை பிரிட்ஜில் ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருந்தாள். அதை எடுத்துக்கொண்டு, மேசையில் கிடந்த சில்லறையையும் பொறுக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். மதுராவின் வீட்டு ஸ்டேசனில் அந்தத் தொப்பிக்காரர் துண்டைப் பார்த்து, மெசினில் தானே அமத்தி ரிக்கற் எடுத்துத் தந்தார். நாலு ஸ்டேசன். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போய் இறங்கினேன். என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் வந்தது.

வாசலில் நின்றேன். அங்கே ஒரு மெசினில் சூடான தேத்தண்ணி ரின்னில் வருகிறது. சில்லறை போட்டு இரண்டு எடுத்தேன். ஒன்றைக் குடித்தேன். அவளுடையதை ஆறாமல் இருக்க ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

ஒரு ரெயின் போனது. இன்னொன்று போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், பிறகு குறைந்தார்கள். ரீச்சர் மாதிரி ஆட்கள் வந்தார்கள். மதுரா வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. வேலை கூடிவிட்டதோ, சுகமில்லையோ, றோட்டில் ஏதாவதோ? நான் பிறகுதான் அறிந்தேன்: யப்பானில் சின்ன ஸ்டேசனுக்கும் இரண்டு வாசல் இருக்கும். பள்ளிக்கூடம் வடக்கு வாசல் பக்கம். நான் தெற்கு வாசலில் நின்றேன். நான் தேத்தண்ணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், அவள் எனக்கு முதுகுப் பக்கத்தால் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கடைசியில் திரும்புவோம் என்று மெசினடிக்கு வந்தால், மேலே பெரிய வரைபடம். கோடும் இலக்கமுமாக இருந்தது. எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. தேத்தண்ணிக்குப் போக மிச்சமிருந்த சில்லறை மிகக் குறைந்த ரிக்கற்றுக்குத்தான் போதும். அதை எடுத்தேன். ரெயினில் ஏறி ஒவ்வொரு ஸ்டேசனிலும் தலையை வெளியே நீட்டி எண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

கேற்றில் ரிக்கற்றைப் போட்டேன். பிங்கொங் என்று ஒரு சத்தம். சிவப்பு லைற். இரண்டு பக்கத்தாலும் சின்னக் கதவுகள் வந்து என் தொடையில் முட்டி மூடிக்கொண்டன.

அந்தக் கதவுகள் ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தவை, நோகவில்லை. கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து தொப்பிக்காரர் எழும்பி வருவது தெரிந்தது. போகும்போது எனக்கு ரிக்கற் எடுத்துத் தந்த அதே மனுசன்தான். அது எனக்குத் தெரியவில்லை. யூனிபோம்தான் தெரிந்தது. என் கை தானாக சேர்ட்டுப் பைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் அந்தப் பையில் அடையாள அட்டை வைத்திருந்தேன். ஊரில் ஆமிக்காரன் செக்பொயின்ரில் கேட்பதற்கு முதல் நீட்டிவிட வேண்டும் என்பதற்காக. பாஸ்போட் சூட்கேசுக்குள் பத்திரமாக இருந்தது.

பின்னால் வந்த அம்மா தலையைக் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு மற்றக் கேற்றால் போனா. மஞ்சள் தொப்பிச் சிறுமிகள் நின்று என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி கையால் அந்த யன்னலைக் காட்டினாள். அங்கே போங்கோ என்கிறாள். ஏழு வயதிருக்கும். பயமே இல்லாத முகம்.

"அப்பா!"

கேற்றுக்கு அந்தப் பக்கம் மதுரா நின்றாள். வேலைக்குப் போட்ட உடுப்போடு, முகம் வெளிறிப்போய்.

"வேர் வேர் யூ? எங்கயப்பா போனனீங்கள்? ஒவ்வொரு ரெயினுக்கும் வந்து வந்து பாத்துக்கொண்டு நிக்கிறன். போன் எடுத்துச் சொல்ல ஏலாதோ?"

என்னுடைய அதே வசனம். என்னுடைய அதே குரல்.

அவள் அந்த மனுசரோடு கதைக்கத் தொடங்கினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் பிள்ளை, நான் வாயசைவையும் அறியாத ஒரு பாசையில், மூச்சு வாங்காமல் கதைக்கிறாள். சொல்லச் சொல்ல அவளுடைய முதுகு தானாகக் குனிகிறது. அந்த மனுசரும் குனிகிறார். என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பேர்சைத் திறந்து காசை எண்ணி, யன்னலில் இருந்த சின்னத் தட்டில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, தட்டில் வைத்தாள். அங்கே அப்படித்தான். பிக்கரிங்கில் இருந்த காலத்தில், கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கச் சொன்னால் "நீங்களே கேளுங்கோ" என்று காருக்குள் இருக்கிறவள்.

அவள் குனிந்து நிமிர்ந்த அந்த நேரத்தில், பவானி கேட்கச் சொன்ன கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

கரையில் இருந்த அகலக் கேற்றைத் திறந்து என்னை விட்டார்கள். தொப்பிக்காரர் எனக்கும் குனிந்தார். யூனிபோம் போட்ட ஒருவர் எனக்கு முன்னால் தலை குனிந்தது என் சீவியத்தில் அதுதான் முதல் தரம். பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். இதைத்தான் பவானி மானம் போச்சு என்கிறாள்.

5

வீட்டுக்கு நடந்தோம். நான் ஜக்கெற்றுக்குள் இருந்து தேத்தண்ணி ரின்னை எடுத்து நீட்டினேன். ஆறிப் போயிருந்தது.

"உனக்கெண்டு வாங்கினனான்."

அவள் வாங்கி, திறந்து, நடந்துகொண்டே குடித்தாள். பிறகு முன்னுக்குப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இண்டைக்கு எனக்கு விளங்கினது அப்பா. நீங்கள் அந்தக் காருக்குள்ள இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறது. ஹொரிபிள். எப்பிடி இத்தினை வருசம் செய்தனீங்கள்?"

"எனக்கும் விளங்கினது" என்றேன். "லேட்டாய் வாறவனுக்கு, வாசலில ஒராள் நிக்கிறதைக் கண்டால் எப்பிடி இருக்குமெண்டு."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "ஓம்" என்றாள். "ரெயினுக்குள்ள இருக்கேக்கயே எனக்கு வயித்தைக் கலக்கும். பிறெண்ட்ஸோட ஒரு கோப்பி குடிச்சிருக்க மாட்டன். அப்பா நிப்பார், அப்பா நிப்பார்... இஞ்ச ஒருத்தரும் நிக்க மாட்டினம். அது எனக்கு எவ்வளவு..." தமிழில் சொல் வரவில்லை. கையை நெஞ்சில் இருந்து எடுத்துக் காற்றில் விரித்துக் காட்டினாள்.

பவானி சொன்னது சரி, அவளுக்கு என்னில் பயம்தான். ஆனால் அது என்ன மாதிரிப் பயம் என்று எனக்கும் பவானிக்கும் அதுவரை தெரியாது.

"அம்மா அனுப்பினவா என்ன? என்னைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி?"

"ஓம்."

"நான் வரேல்ல அப்பா. சொறி."

"தெரியும் பிள்ளை."

"அம்மாட்ட ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன். எனக்கு அவவில பயமில்லை" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பொய்யென்று அவளுக்குத் தெரியும். சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறி இருமினாள். முதுகைத் தட்டிவிட்டேன்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னாள்: "நூற்றுப் பத்து யென் நீங்கள் எனக்குத் தரவேணும், தெரியுமோ? ரிக்கற்றில குறைஞ்ச காசு."

"பொறு, சூட்கேசுக்குள்ள இருக்கு. எடுத்துத் தாறன்."

"வேண்டாம்." சூட்கேசை நோக்கிப் போன என் கையைப் பிடித்தாள். "வைச்சிருங்கோ. நான் பிக்கரிங்குக்கு வந்து வாங்கிறன்."

6

தனியாக வந்து இறங்கினேன். பவானி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, நாலாம் நாள் மகள் அனுப்பின சீலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன நிறம்?" என்று கேட்டாள். அதோடு கதை தொடங்கியது.

என்னோடு பிக்கரிங்கில் ஏறுகிற சிவம் அண்ணை இன்னும் விடவில்லை. "யப்பானுக்குப் போனாய். மகளையும் கொண்டரேல்ல, ஒரு ரீவியும் கொண்டரேல்ல. பிறகென்னத்துக்குப் போனனீ?"

"ஸ்டேசன் பாக்க அண்ணை."

"ஏன், இஞ்ச இல்லாத ஸ்டேசனோ?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

கோடையில் மதுரா லீவில் வந்தாள். வருவதற்கு முதலே கட்டளை: ஏர்போட்டுக்கு ஒருவரும் வரக்கூடாது, பிக்கரிங்குக்கும் வரக்கூடாது. தானே ரெயினில் வந்து, ஸ்டேசனில் இருந்து நடந்து வருவேன் என்றாள். அன்று நானும் பவானியும் வீட்டுக்குள் இருந்த இருப்பை எழுத எனக்குப் படிப்புப் போதாது. நான் கார்த் திறப்பை மூன்று தரம் கையில் எடுத்தேன். மூன்றாம் தரம் பவானி அதைப் பறித்து அரிசி வாளிக்குள் போட்டாள். கடைசியில் எங்கள் றோட்டில் சூட்கேஸ் சில்லு உருளுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது, போன் எடுத்துச் சொல்ல ஏலாதோ என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "வா பிள்ளை" என்றேன். ஏர்போட்டில் இருந்து நேரே வரவில்லை, டவுன்ரவுனில் பழைய பிறெண்ட்ஸோடு கோப்பி குடித்துவிட்டு வந்ததாக அவளே சொன்னாள். "நல்லது" என்றேன். அவ்வளவு இலகுவாக வரவில்லை அந்தச் சொல்லும்.

இரண்டு கிழமை நின்றாள். திரும்பிப் போகிற அன்று வாசலில் கையை நீட்டினாள்.

"அப்பா, என்ர காசு?"

அந்தக் காசு என்னிடம் இருக்கிறது. யப்பானில் இருந்து வரும்போதே ஒரு நூறு யென் நாணயக் குத்தியையும் ஒரு பத்து யென் குத்தியையும் எடுத்து, துண்டுத் துணியில் முடிந்து, பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். இந்த முறை எங்கே வைத்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"சில்லறை இல்லைப் பிள்ளை" என்றேன். "அடுத்த முறை வரேக்க தாறன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அங்கே பழகின மாதிரி, முதுகைக் குனிந்து எனக்கு ஒரு மரியாதை செய்துவிட்டு, சூட்கேசை இழுத்துக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தாள். நான் பிடிவாதமாக வாசலிலேயே நின்றேன். ஒரு அடி வைக்கவில்லை.

இன்றுவரை கொடுக்கவில்லை. நூற்றுப் பத்து யென்.